வயிறு: சாதாரணம்

கேட் போட்டுட்டான். ஆம்புலன்ஸ் சைரன் அடிச்சா ரயில்வே கேட் தூக்குமா என்ன, முன்னாடி வெள்ளைச்சாமி அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி யாரையோ பேர் சொல்லாமத் திட்டிக்கிட்டிருக்கார், திட்டுறதுல அவருக்கு ஒரு நிம்மதி, எனக்கு அதுகூட இல்ல. மணி பதினொண்ணு ரெண்டு. மூணு நிமிஷத்துக்கு ஒருதரம் கை தானாத் திரும்பும் எனக்கு, சோத்துத் தட்டுல உட்கார்ந்துக்கிட்டு மணி பார்க்கிற ஒரே ஆம்பளை நீங்கதான்னு என் பொண்டாட்டி சொல்லுவா. வண்டி நின்னதுல ஒரு நல்லது, ஆட்டம் இல்லாம நாடியை எண்ணலாம். எண்ணுறேன். ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்கிறது தமயந்தி, வயசு முப்பத்தொண்ணு, புருஷன் பைக்ல ஒரு பக்கமாக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வந்தவ, பட்டுப்புடவை முந்தானை பின்சக்கரத்துல சுத்தி இழுத்து, ரோட்டோரத்துல நின்ன கிலோமீட்டர் கல்லுமேல இடதுபக்கமா விழுந்திருக்கா. பத்து இருபதுக்கு விழுந்தது, பத்து முப்பத்தெட்டுக்கு நாங்க போய்ச் சேர்ந்தோம். எதிர் சீட்ல அவ புருஷன் வடமலை, முருங்கைக்காய் மண்டியில மூட்டை ஏத்துறவர், வெள்ளை வேட்டியில ரோட்டு மண்ணு, கையில போன். போன் ஓயாம அடிக்குது. அவர் தங்கச்சி பையனுக்கு இன்னைக்குக் காதுகுத்து, இவர்தான் மாமன், பிள்ளையை மடியில வச்சுக்க வேண்டியவர், மாமன் வராம ஆசாரி ஊசியை எடுக்க மாட்டாராம், மண்டபமே காத்துக்கிட்டிருக்கு. வந்துக்கிட்டே இருக்கோம் தாயி, கையில ஒரு கட்டு, அவ்வளவுதான், கட்டிட்டு வந்துர்றோம்னு சொல்றார். என்னைப் பார்த்து, "கட்டு போட எவ்வளவு நேரம் சார் ஆகும்?"னு கேக்குறார். நான் எண்ணிக்கிட்டிருந்ததை விட்டுட்டேன். திரும்ப முதல்ல இருந்து எண்ணணும்.

நூத்து இருபத்து நாலு. சரியா எண்ணினேனா? ஸ்பாட்ல தொண்ணூத்து ரெண்டு, நடுவுல பத்து அம்பத்து ரெண்டுக்கு நூத்து ஆறு, இப்ப நூத்து இருபத்து நாலு. வலிக்கு ஏறும். ஏறும்தான். மணிக்கட்டு முறிஞ்சு வளைஞ்சு கிடந்துச்சு, அதைப் பார்த்தா எனக்கே நாடி ஏறும், நான் போனப்ப பத்துப் பேர் அவளைச் சுத்தி நின்னு அந்தக் கையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க, ஒருத்தன் போன்ல படம் எடுத்துக்கிட்டிருந்தான், அவனை நாலு வார்த்தை கேட்டேன். கேட்ட ஜோர்ல நானும் கையைத்தான் பார்த்தேன். இல்ல, அப்படிச் சொல்லக்கூடாது, முறையாத்தான் ஆரம்பிச்சேன். ஏ, மூச்சுவழி: பேசுறா, அப்ப வழி நல்லாயிருக்கு. பி, மூச்சு: நிமிஷத்துக்குப் பதினெட்டு. சி, ரத்த ஓட்டம்: வெளியில கொட்டுற ரத்தம் இல்ல. டி, நினைவு: பேரு, ஊரு, கிழமை எல்லாம் டக்டக்குனு சொன்னா, புடவை என்ன விலைன்னுகூடச் சொன்னா. கழுத்துக்குப் பட்டை போட்டேன், கை அசையாம இருக்கச் சிம்பு வச்சுக் கட்டினேன், கட்டினது நல்ல கட்டு, அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஈ. ஈன்னா துணியை விலக்கிப் பார்க்கிறது, தலையிலேர்ந்து கால்வரைக்கும் கண்ணால பார்த்து கையால தொட்டு. அந்த ஈல வந்து நின்னேன். பத்துப் பேர் பார்க்கிறான். புருஷன் பக்கத்துல நிக்கிறார். வயிறு வலிக்குதாம்மான்னு கேட்டேன், இல்லங்கன்னு சொன்னா. பாரத்துல "வயிறு" போட்டிருக்கிற கட்டத்துல "சாதாரணம்"னு டிக் அடிச்சேன். நேரம் பத்து நாப்பத்தொண்ணு. தொடவே இல்ல. ஒரு விரல்கூட வைக்கல. டிக் மட்டும் நல்லா அழுத்தமா, அடுத்த தாள்ல பதியிற மாதிரி.

ட்ரெய்னிங்ல பொம்மை இருந்துச்சு, ரப்பர் பொம்மை, அதுக்கு சட்டை பேன்ட் மாட்டியிருப்பாங்க, கத்திரியை எடுத்து ஒரே இழுப்பு, வயித்துல நாலு இடத்துல அமுக்கு, முடிஞ்சது கதை, அரை நிமிஷம். நான்தான் பேட்ச்லயே வேகம். அந்தப் பொம்மைக்கு ஒரு புடவையைக் கட்டி, ஏழு பின்னைக் குத்தி, பக்கத்துல ஒரு மச்சானையும் மாமியாரையும் நிறுத்திப் பரீட்சை வச்சிருந்தா நான் பாஸாகியிருப்பேனா? போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு பொண்ணு, பத்தொம்பது வயசு, மயங்கிக் கிடந்துச்சு, இ.சி.ஜி. ஒயர் ஒட்டணும்னு மேல் துணியை விலக்கினேன், பின்னாலேர்ந்து அறை. அண்ணன்காரன். கேள்வி கிடையாது, ஒண்ணும் கிடையாது, இடது காதோட சேர்த்து ஒரே அறை. மூணு நாள் அந்தக் காதுல விசில் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஸ்டேஷன்ல எழுதிக் குடுடான்னாங்க, நான் குடுக்கல, என்னன்னு எழுதுறது? அன்னைக்கு ராத்திரி பொண்டாட்டிகிட்ட, கதவு இடிச்சிடுச்சுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் நான் கெட்டிக்காரன் ஆயிட்டேன். கேக்குறது, பார்க்கிறதில்ல. வலிக்குதாம்மா? இல்லங்க. டிக். எந்தப் பொம்பளை நடுரோட்டுல பத்து ஆம்பளைக்கு முன்னாடி எனக்கு வயிறு வலிக்குது, பாருங்கன்னு சொல்லுவா? எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சேதான் கேட்டேன், இல்லன்னு சொல்லணும்னுதான் கேட்டேன். ஒரு ஆள் அறைஞ்சதுக்கு ரெண்டு வருஷமா ஊர்ப் பொம்பளைங்க எல்லாருக்கும் வயிறு சாதாரணம்னு எழுதிக்கிட்டிருக்கேன். தூ.

"தண்ணி குடுங்களேன்"ங்கிறா. இது மூணாவது தடவை. வண்டியில ஏத்தினதும் ஒருதரம், மில்லு தாண்டுறப்ப ஒருதரம், இப்ப. வெயில், பட்டுப்புடவை, வெறும் வயிறு, தாகம் எடுக்கும்தான். வடமலை பாட்டிலைத் திறந்துட்டார். "வேணாம்ணே, ஒரு சொட்டு குடுக்காதீங்க"ன்னேன், ஏன் அவ்வளவு கத்தினேன்னு எனக்கே தெரியல. "தண்ணிகூடக் குடுக்கக்கூடாதா சார்?" "ஆபரேஷன்னு வந்தா வயித்துல ஒண்ணும் இருக்கக்கூடாதுண்ணே." "கைக்கு எதுக்கு ஆபரேஷன்?" நல்ல கேள்வி. நகத்தை அமுக்கிப் பார்க்கலாம்னு அவ வலது கையைப் பிடிச்சேன், அமுக்கி விட்டா ரத்தம் ரெண்டு நொடிக்குள்ள திரும்ப ஓடி வரணும், ஆனா அஞ்சு நகத்துலயும் விசேஷத்துக்குப் போட்ட சிவப்பு பாலீஷ், சிவப்பை அமுக்கினாலும் சிவப்புதான். அட கஷ்டகாலமே. நெத்தியில கட்டைவிரலை வச்சு அமுக்கினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலா? பவுடர் போட்டிருக்கா, பவுடர்ல என்ன தெரியும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருக்கு, சில பேருக்கு எப்பவுமே வெளுத்துத்தான் இருக்கும், நம்ம ஊர்ப் பொம்பளைங்கள்ல யாருக்கு ரத்தம் ஒழுங்கா இருக்கு? பார், பார், ஒவ்வொண்ணுக்கும் ஒரு சாக்கு வச்சிருக்கேன் நான். தாகமா, வெயில். நாடியா, வலி. வெளுப்பா, சோகை. கை சில்லுனு இருக்கே, அதுக்கு என்ன சொல்லப் போற? வேர்வை, ஃபேன் காத்து. பிரஷர் பட்டையைச் சுத்தினேன், ஸ்பாட்ல நூத்துப் பதினெட்டுக்கு எழுபத்து நாலு இருந்துச்சு, இப்ப நூத்து ரெண்டுக்கு எம்பது. மேல் எண் இறங்கிடுச்சு, கீழ் எண் ஏறிடுச்சு, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்து நெருங்குது. உடம்புல ரத்தம் குறையிறப்பத்தான் அது அப்படி நெருங்கும்னு எனக்குத் தெரியும். இதைத்தான் பரீட்சையில எழுதி பத்துக்குப் பத்து வாங்கினேன்.

"தங்கச்சி, கையைத் தவிர வேற எங்க வலிக்குது?" "தோள்பட்டைதாங்க." "எந்தத் தோள்?" "இடது. படுத்ததுலேர்ந்து அதிகமா இருக்கு." தோள்ல அடியா? பார்த்தேன், ரவிக்கைக்கு மேல சிராய்ப்பு ஒண்ணும் இல்ல, அமுக்கினா வலி கூடல. அடிபடாத தோள் ஏன் வலிக்கணும். இடது விலா எலும்புக்கு அடியில மண்ணீரல், அது கிழிஞ்சு ரத்தம் உள்ளுக்குள்ளயே தேங்கினா, மேல இருக்கிற உதரவிதானத்தைத் தொட்டு, தோள்ல வலியாத் தெரியும். கல்லு எங்க இடிச்சுது? இடதுபக்கம். இடதுபக்கம்னா கைதானா? கையை ஊனித்தானே விழுந்தா, கை முறிஞ்சதுக்கப்புறம் அடுத்து எது போய் இடிச்சிருக்கும்? இதைக் கேக்க இருபத்து நாலு நிமிஷம் ஆச்சு எனக்கு. ரயில் வருது. தண்டவாளத்துல சத்தம் முதல்ல, அப்புறம் ஹாரன், சரக்கு ரயில், அது ஒரு ஜென்மத்துக்குப் போகும், அம்பது பெட்டி. வடமலை போன்ல, "ஆசாரியை இருக்கச் சொல்லு, அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடு"ங்கிறார். தமயந்தி கண்ணை மூடிக்கிட்டு, "நீங்க வேணா இறங்கிப் போங்க, எனக்கு ஒண்ணுமில்ல, இவங்க பார்த்துக்குவாங்க"ங்கிறா. இவங்கன்னா நான். நான் பார்த்துக்குவேனாம். இடது காது சூடாச்சு, நிஜமாவே சூடாச்சு, அறை வாங்கின காது, ரெண்டு வருஷம் கழிச்சு. பயமா இருக்கு. அறைக்குத்தான் பயமா, இல்ல பார்த்தா தெரிஞ்சிடும்னு பயமா? பார்க்கலைன்னா வெறும் கை முறிவு, அடுத்த ஸ்டாப்பிங் தாலுகா ஆஸ்பத்திரி, இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கினா என் வேலை முடிஞ்சது. தாலுகா ஆஸ்பத்திரியில ஞாயித்துக்கிழமை ஆபரேஷன் பண்ற டாக்டர் கிடையாது, ரத்த வங்கி கிடையாது. அங்க இறக்கிவிட்டா அவங்க பார்த்து, திரும்ப ஏத்தி, மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பி, அதுக்குள்ள இவ.

"அண்ணே, போனை வைங்க." ரயில் சத்தத்துல அவருக்குக் கேக்கல. கையைப் பிடிச்சு போனைக் கீழ இறக்கினேன். "அண்ணே, நான் இவங்க வயித்தைப் பார்க்கணும். துணியை விலக்கித் தொட்டுப் பார்க்கணும். உள்ளுக்குள்ள அடிபட்டிருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. நீங்க பக்கத்துலயே இருங்க." அவர் என்னைப் பார்த்தார். மூட்டை தூக்குற கை, ஒரு அறை விட்டா காது இல்ல, தலையே திரும்பிடும். ஜன்னலுக்கு வெளியில ஷேர் ஆட்டோ, அதுல ஆறு பேர், ஆறு பேரும் உள்ளதான் பார்க்கிறாங்க. வடமலை எழுந்தார். எனக்குத் தோள் தானாச் சுருங்குச்சு. அவர் தோள்ல கிடந்த துண்டை எடுத்து ஜன்னல் கண்ணாடியை மறைச்சுப் பிடிச்சுக்கிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, "பாருங்க"ன்னார். பின் எங்க இருக்குன்னு எனக்கும் தெரியல, அவருக்கும் தெரியல. அவளே வலது கையால ஒவ்வொண்ணா எடுத்தா, தோள்ல ரெண்டு, இடுப்புல மூணு, கொசுவத்துல ஒண்ணு, ஒரு பின்னை எடுத்து எங்க வைக்கிறதுன்னு தெரியாம என் கையில குடுத்தா. "ரொம்ப நேரம் ஆச்சுங்க கட்டுறதுக்கு"ன்னா. முந்தானையை விலக்கினேன். இடது விலாவுக்குக் கீழ உள்ளங்கை அகலத்துக்கு ஊதாவா ஒரு தடம், கல்லோட ஓரம் அப்படியே பதிஞ்சிருக்கு. கையைத் தேய்ச்சுச் சூடு பண்ணிக்கிட்டு வலி இல்லாத பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சேன், வலது கீழ், வலது மேல், இடது கீழ், இடது மேல். மேல வச்சதும் அம்மான்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. வயிறு மெத்துனு இருக்கணும், இது பலகை.

அதுக்கப்புறம் எனக்கு யோசனையே வரல, கை மட்டும் ஓடுச்சு, அதுதான் எனக்குப் பிடிச்ச நேரம். ஆக்ஸிஜன் மாஸ்க், காலுக்கடியில மடிச்ச கம்பளி, மேல ஒரு கம்பளி, முழங்கை மடிப்புல ஊசி, நரம்பு ஒளிஞ்சுக்கிட்டு விளையாடிச்சு, ரெண்டாவது குத்துல கிடைச்சுது, சலைன் ஏத்தினேன். கேட் தூக்கினான். "அண்ணே, தாலுகாவுக்குத் திருப்பாதீங்க, நேரா மெடிக்கல் காலேஜ்." வெள்ளைச்சாமி அண்ணன் ஏன்னு கேக்கல, கண்ணாடியில ஒருதரம் என் மூஞ்சியைப் பார்த்தார், மிதிச்சார். மெடிக்கல் காலேஜ் அவசரப் பிரிவுக்கு போன் போட்டுச் சொன்னேன், வயித்துக்குள்ள ரத்தக்கசிவுன்னு சந்தேகம், அரைமணி நேரத்துல வர்றோம்னு. எல்லாம் சொல்லி முடிச்சு பாரத்தை எடுத்தா, அந்த டிக். பத்து நாப்பத்தொண்ணு, வயிறு, சாதாரணம். அதுக்குப் பக்கத்துல இப்ப பதினொண்ணு ஆறுன்னு போட்டு, விறைப்பு, வலி, இடது மேல்பகுதின்னு எழுதினேன். எழுதிட்டுப் பார்த்தா, என்ன அழகு! முதல்ல பார்த்தப்ப நல்லாயிருந்திருக்கு, விடாம திரும்பப் பார்த்திருக்கான், மாறினதும் பிடிச்சிட்டான், கெட்டிக்காரப் பய. அந்தப் பொய் டிக் என்னைத் தூக்கி நிறுத்துது. யாருக்குத் தெரியும்? அவளுக்கு ஞாபகம் இருக்காது. பத்துப் பேர் பார்த்தானே, அவன்லாம் கையைத்தான் பார்த்தான். இருக்கட்டுமே, இப்பத்தான் கண்டுபிடிச்சாச்சே, இனி அந்த டிக்கால யாருக்கு என்ன கெட்டுப் போகுதுன்னு ஒரு மனசு சொல்லுது. அந்த மனசோடதான் ரெண்டு வருஷமாக் குடித்தனம் பண்றேன். தமயந்தி பேச்சைக் குறைச்சுக்கிட்டா. "ஏம்மா, இன்னைக்கு என்ன கிழமை?" கொஞ்சம் நேரம் கழிச்சு, "காதுகுத்து"ன்னா. பிரஷர் தொண்ணூத்து நாலுக்கு எழுபத்தெட்டு. வடமலை போனை எடுக்கவே இல்ல, அது பாட்டுக்கு சீட்ல கிடந்து அடிக்குது. அவர் அவ பாதத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார், சில்லுனு இருக்கு சார், சில்லுனு இருக்குன்னு என்கிட்ட திரும்பத் திரும்பச் சொல்றார். சைரன் போட்டும் நாலுவழிச் சாலையில லாரிக்காரன் ஒதுங்கல, வெள்ளைச்சாமி அண்ணன் இப்ப பேர் சொல்லித் திட்டுறார், எனக்கு அதுல ஒரு சந்தோஷம்.

பதினொண்ணு முப்பத்தி மூணு, அவசரப் பிரிவு. சின்ன வயசு டாக்டரம்மா, தூங்காத கண்ணு, ஸ்ட்ரெச்சர் நிக்கிறதுக்குள்ள கை வயித்துல. பாரத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்துச்சு. "பத்து நாப்பதுக்கு வயிறு நல்லா இருந்திருக்கு. அப்ப கசிவு மெதுவா, லேட்டாத்தான் ஆரம்பிச்சிருக்கு. சி.டி. ஸ்கேனுக்கு நேரம் இருக்கு, முதல்ல அங்க கொண்டு போங்க"ன்னு சிஸ்டர் பக்கம் திரும்பிடுச்சு. சிஸ்டர் தள்ள ஆரம்பிச்சாச்சு. ஸ்கேன் ரூம் அந்தக் கோடியில, வரிசை, எப்படியும் முக்கால் மணி நேரம். வடமலை எனக்கு ரெண்டடி பின்னால நிக்கிறார், அவர் மூச்சு கேக்குது. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க, சொல்லுடான்னு என்னையே திட்டிக்கிட்டேன். "மேடம், பத்து நாப்பதுக்கு நான் வயித்தைப் பார்க்கல." "என்ன?" "தொடவே இல்ல. டிக் மட்டும் போட்டேன். முதமுதலாத் தொட்டதே பதினொண்ணு ஆறுக்கு, அப்பவே பலகை மாதிரி இருந்துச்சு. விழுந்தப்பவே ஆரம்பிச்சிருக்கலாம்." டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு அறையே தேவலை. ஒரு நொடிதான். "விழுந்து ஒன்றேகால் மணி நேரம்"னு தனக்குத்தானே சொல்லிட்டு, "ஸ்கேன் வேணாம், அல்ட்ராசவுண்ட் மெஷினை இங்க தள்ளிக்கிட்டு வா, தியேட்டருக்குச் சொல்லு, சர்ஜனைக் கூப்பிடு"ன்னு கத்துச்சு. வயித்துல ஜெல்லைத் தடவி மெஷினை வச்சுச்சு, திரையில எனக்கே தெரிஞ்சுது, கறுப்பா, எங்க பார்த்தாலும் கறுப்பு, அத்தனையும் ரத்தம். அரை மயக்கத்துல இருக்கிறவ பாலீஷ் போட்ட கையைப் பிடிச்சு ஆபரேஷன் சம்மதத்துக்குக் கைநாட்டு வாங்க வேணாம்னு வடமலைகிட்ட கையெழுத்து வாங்கினாங்க. அவர் போட்ட எழுத்து கோணிக்கிட்டுப் போச்சு. ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள்ள போயிடுச்சு.

நான் பாரத்துல அந்த டிக்குக்குக் குறுக்க கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல "பரிசோதிக்கவில்லை"ன்னு எழுதி, அமலதாஸ்னு என் பேரைப் போட்டு, நேரம் போட்டேன். திரும்பினா அவர். மண்ணு படிஞ்ச வேட்டி, கை ரெண்டும் தொங்குது. நான் காதைக் குடுக்கத் தயாராத்தான் நின்னேன், வாங்கிக்கணும்னுகூட இருந்துச்சு, வாங்கினா தீர்ந்து போகும்ல. "அங்க ரோட்டுலயே பார்த்திருந்தா நேரா இங்க வந்திருப்போமா?"ன்னு கேட்டார். "வந்திருப்போம்ணே. ரயில்வே கேட்டுக்கு முன்னாடியே திரும்பி பைபாஸ் வழியாவே வந்திருக்கலாம். கால்மணி நேரம் மிச்சம்." "ரோட்டுல வச்சுக் கேட்டிருந்தா நான் விட்டிருப்பேனான்னு தெரியல." "தெரியாதுண்ணே. ஆனா நான் கேக்கவே இல்லையே." போன் அடிச்சுது, எடுத்தார். "தாயி, பிள்ளைக்கு நீங்களே குத்திக்குங்க, மாப்பிள்ளையை மடியில வச்சுக்கச் சொல்லு. மண்டபத்துல இருக்கிற ஆம்பளைங்க அத்தனை பேரையும் வேனைப் பிடிச்சு இங்க அனுப்பு. உன் மதினிக்கு ரத்தம் வேணும்." சுவத்தைப் பார்த்து நின்னுக்கிட்டார். வெள்ளைச்சாமி அண்ணன் வந்து, சிலிண்டர் மாத்தி வண்டி கழுவ அரைமணி நேரம் ஆகும், கண்ட்ரோலுக்குச் சொல்லிட்டேன், வா டீ குடிக்கலாம்னார். வடமலை திரும்பி, கண்ணைத் துடைக்காமலே என்கிட்ட கேட்டார்.

"சார், நீங்க என்ன குரூப்பு?"

"பி பாசிட்டிவ்."

"அவளுக்கும் அதுதான். எங்க ஆளுங்க வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். முதல்ல நீங்க குடுங்க."

கேக்குற குரலா அது, இல்ல உத்தரவான்னு யோசிக்கல. "எந்தப் பக்கம்ணே ரத்த வங்கி?"ன்னேன். "எனக்கு மட்டும் தெரியுமா, வாங்க கேப்போம்"ன்னு அவர் முன்னால நடந்தார், நான் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டே பின்னால போனேன்.